வெப்பம் காக்கும் குளமும் குளிரூட்டிய தொட்டியும்

இருவாழ்விகளின் தோலைத் தாக்கிக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சைகள் இரண்டு. இரண்டுமே மனிதரின் பராமரிப்பில் இருந்த விலங்குகளின் உடலிலிருந்துதான் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டுப் பெயர் சூட்டப்பட்டன. முதலாவது, வாஷிங்டனிலுள்ள தேசிய விலங்குக்காட்சிச்சாலையில் இறந்த நீல நச்சுத் தவளையின் தோலிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்டு, 1999ஆம் ஆண்டு பட்ராகோகைட்ரியம் டென்ட்ரோபாட்டிடிஸ் என்ற பெயருடன் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. இரண்டாவது, நெதர்லாந்தின் தென்கோடிக் காடொன்றிலிருந்து பாதுகாப்புக்காகக் கொண்டுவரப்பட்டிருந்த நெருப்புச் சாலமாண்டர்களிடம் கண்டறியப்பட்டது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் மார்டெல் தலைமையிலான குழு 2013இல் அதற்குப் பட்ராகோகைட்ரியம் சாலமாண்ட்ரிவோரன்ஸ் என்று பெயரிட்டது. இந்த அத்தியாயத்தில் முன்னது தவளைப் பூஞ்சை என்றும், பின்னது சாலமாண்டர் பூஞ்சை என்றும் வழங்கப்படும். எனினும் தவளைப் பூஞ்சை சாலமாண்டர்களையும் தொற்றக்கூடியது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சாலமாண்டர் என்பது தோற்றத்தில் பல்லியை ஒத்தும் இயல்பில் தவளையை ஒத்தும் இருக்கும் வால் கொண்ட இருவாழ்வியாகும். அதன் தோலில் செதில் கிடையாது. ஈரம் காயாத அந்த மெல்லிய தோல் வழியாகவே அது நீரை உறிஞ்சுகிறது, உப்புகளின் அளவைச் சீராக வைத்துக்கொள்கிறது, மூச்சும் விடுகிறது. அமெரிக்கக் காடுகளில் வாழும் ஒரு பெருங்குடும்பத்துச் சாலமாண்டர்களுக்கு நுரையீரலே இல்லாமையால் தோல் ஒன்றே மூச்சுறுப்பாக அமைந்துள்ளது. தமிழ்நாட்டின் எந்த மலையிலும் சாலமாண்டர் இல்லை. இந்தியாவில் அது கிழக்கு இமயத்திலும் வடகிழக்கு மாநிலங்களிலும் மட்டுமே வாழ்கிறது. ஆனால், பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளத்தின் ஏரிகளிலும் கிணறுகளிலும் வாழும் தவளைகளுக்கும் டார்ஜிலிங்கின் சாலமாண்டருக்கும் தோலின் அமைப்பு ஒன்றுதான். ஆகவே, ஒன்றின் நோயை அறியாமல் மற்றொன்றின் நலத்தைப் பேச இயலாது.

புண்டர்போஸ் என்னும் அந்த டச்சுக் காட்டில் நிகழ்ந்ததைச் சற்று விரிவாகக் காண்பது பயன் தரும். கரிய உடலில் மஞ்சள் திட்டுகள் கொண்ட நெருப்புச் சாலமாண்டர் நெதர்லாந்தில் வாழும் மிகச் சில இடங்களுள் அது ஒன்று. 2010ஆம் ஆண்டு முதல் அங்கே அவ்விலங்குகள் காரணம் தெரியாமல் வேகமாகக் குறையத் தொடங்கின. 2013இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோது அவற்றின் தொகை 96 விழுக்காடு குறைந்திருந்தது. எஞ்சியவற்றையேனும் காப்பாற்றுவோம் என்று 39 சாலமாண்டர்களைப் பிடித்து வந்து கூண்டுகளில் வளர்த்தனர். ஆனால், 2012ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில், சில வார இடைவெளிக்குள், அவற்றுள் ஏறத்தாழப் பாதி இறந்துபோயின. இறந்த விலங்குகளின் தோலில் ஆழமற்ற புண்களும் அரிக்கப்பட்ட குழிகளும் இருந்தன. அக்குழிகளை நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் அதுவரை எவரும் அறியாத ஒரு பூஞ்சை வெளிப்பட்டது. காட்டில் இறந்த விலங்கின் உடல் இலைச்சருகுக்கடியில் ஓரிரு நாளில் மட்கிப்போவதால், அந்த நோயின் காரணம் கூண்டில் நேர்ந்த சாவுகளின் வழியாகவே தெரியவந்தது. அடைக்கலம் தரப்பட்ட இடத்திலும் நோய் பின்தொடர்ந்தது என்பது துயரமானது. ஆனால், அந்தத் துயரம் நேராதிருந்தால் ஐரோப்பா தன் சாலமாண்டர்களை எது கொல்கிறது என்பதையே நெடுநாள் அறிந்திராது.

பூஞ்சை என்றதும் ரொட்டியில் படரும் வெண்பூசணமோ மழைக்கால நாய்க்குடையோ நினைவுக்கு வரலாம். கைட்ரிட்கள் அவற்றிலிருந்து மாறுபட்டவை. அவற்றின் இனப்பெருக்க அணுவுக்கு நீண்டதொரு வால் உண்டு. இயங்குவித்து எனப்படும் அந்த அணு நீரில் நீந்திச் சென்று, விலங்கின் மேல்தோலில் ஒட்டி, வாலை உள்ளிழுத்துக்கொண்டு உள்ளே புகுகிறது. அங்கே அது வித்துப்பையாகப் பருத்து, சில நாள்களில் புதிய இயங்குவித்துகளை வெளியிடுகிறது. அவற்றுள் சில அதே விலங்கின் தோலிலேயே மீண்டும் குடியேற, மற்றவை நீரில் கலந்து வேறொன்றைத் தேடுகின்றன. மேல்தோலைக் கடினமாக்கும் கெரட்டின் என்னும் புரதமுள்ள இடமே தவளைப் பூஞ்சைக்கு வாழிடம் என்பதால், தலைப்பிரட்டைகளில் அது வாயின் பல் போன்ற விளிம்புகளில் மட்டும் தங்கியிருந்து, அவை தவளைகளாக உருமாறித் தோல் முழுதும் கெரட்டின் பெற்றவுடன் உடலெங்கும் பரவுகிறது. எனவேதான் குளம் நிறையத் துள்ளித் திரிந்த தலைப்பிரட்டைகள், கால் முளைத்துக் கரையேறிய சில நாள்களில் கூட்டமாக மடிகின்றன.

சாவு நேரும் விதத்தில் இரண்டும் வேறுபடுகின்றன. தவளைப் பூஞ்சை தோலைத் தடிக்கச் செய்து, சோடியம், பொட்டாசியம் ஆகிய உப்புகளைக் கடத்தும் அதன் திறனைக் குலைக்கிறது. இரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்து, இறுதியில் இதயம் நின்றுவிடுகிறது. சாலமாண்டர் பூஞ்சையோ தோலையே துளைத்தெடுக்கிறது. பெல்ஜியத்தின் ராபர்ட்வில் காட்டில் 2014இல் அது காணப்பட்ட பின், ஆறு மாதங்களில் அங்கிருந்த நெருப்புச் சாலமாண்டர்களுள் 90 விழுக்காடு மறைந்தன. அங்கு மேற்கொள்ளப்பட்டு 2017இல் வெளியான ஆய்வு மேலும் கவலை தருவதாக இருந்தது: நோயுற்றுப் பிழைத்த விலங்குக்கு மறுமுறை எதிர்ப்பாற்றல் தோன்றவில்லை, இயங்குவித்துகளோடு கூடவே, தடித்த உறையுள்ள இன்னொரு வகை வித்தையும் இப்பூஞ்சை உண்டாக்குகிறது, அது நீர்ப்பரப்பில் மிதந்து, நீர்ப்பறவைகளின் கால்களில் ஒட்டிக்கொண்டு இடம்பெயரவும் வல்லது. மருத்துவச்சித் தேரை என்னும் ஐரோப்பியத் தேரையும் ஆல்ப்ஸ் நியூட் என்னும் சிறிய நீர்ச் சாலமாண்டரும் உடனடியாகச் சாகாமல் இந்தப் பூஞ்சையைச் சுமந்து திரிவதால், நெருப்புச் சாலமாண்டர்கள் அருகிவிட்ட பின்னும் நோய் அவ்விடத்தை விட்டு நீங்குவதில்லை.

இவ்வளவு கொடிய பூஞ்சை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை ஆசியாவில் இருக்கிறது. மார்டெலின் குழு நான்கு கண்டங்களைச் சேர்ந்த 5,000க்கும் மேற்பட்ட இருவாழ்விகளைச் சோதித்து 2014இல் வெளியிட்ட முடிவின்படி, தாய்லாந்து, வியட்நாம், ஜப்பான் ஆகிய நாடுகளின் சாலமாண்டர்களிடம் இப்பூஞ்சை நோயை உண்டாக்காமலே வாழ்ந்து வந்துள்ளது. 150 ஆண்டுகளுக்கு முன் பிடித்து அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்ட ஜப்பானிய நியூட் ஒன்றிலும் அதன் தடயம் கிடைத்தது. இரு பூஞ்சைகளும் பொது மூதாதையிலிருந்து பிரிந்தது ஏறத்தாழ 6.7 கோடி ஆண்டுகளுக்கு முன் என்பது ஒரு கணிப்பு. அரியலூர்ப் பகுதியின் புகழ்பெற்ற கடற்படிவப் பாறைகளுள் இளையவை படிந்துகொண்டிருந்த காலத்தை ஒட்டியது அது. இத்துணை நீண்ட பழக்கத்தால் ஆசிய விலங்குகளுக்குப் பூஞ்சையோடு வாழும் ஆற்றல் கிடைத்தது. அப்பழக்கமே இல்லாத ஐரோப்பிய விலங்குகளுக்கு அதே பூஞ்சை எமனாயிற்று.

இடையிலுள்ள கடலையும் கண்டத்தையும் கடக்க உதவியது செல்லப்பிராணி வணிகம். சீனத்து நெருப்புவயிற்று நியூட் என்னும் ஒரே ஓர் இனத்தில் மட்டும் 2001க்கும் 2009க்கும் இடையே 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் அமெரிக்காவில் இறக்குமதியாயின. நோயைச் சுமக்கும் விலங்கு பார்வைக்கு நலமாக இருப்பதே இந்த வணிகத்தின் ஆபத்து. செட்டிகுளத்தின் சின்ன வெங்காய உழவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை: பட்டறையில் காற்றோட்டமாகச் சேமித்து வைத்த விதைக்காய் பளபளப்பாகவே இருக்கும், நட்டு, வேர் பிடித்து, தாள் மஞ்சளித்த பிறகே அடியழுகல் பூஞ்சை காயோடு வயலுக்கு வந்திருப்பது தெரியும், அதற்குள் மண்ணும் கெட்டிருக்கும். நோய்க்குறி காட்டாத ஆசிய நியூட்டும் அப்படிப்பட்ட விதைக்காய்தான். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் வீடுகளில் வளர்க்கப்பட்ட சாலமாண்டர்கள் இப்பூஞ்சையால் இறந்தது 2015இல் பதிவாயிற்று. ஸ்பெயினின் கத்தலோனியாவில் 2018இல், அருகில் எங்கும் நோய் இல்லாத ஒரு மலைக்காட்டில் அது திடீரெனத் தென்பட்டதற்கு, எவரோ கொண்டுவந்து விட்ட விலங்குகளே காரணமென்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

தவளைப் பூஞ்சையின் வரலாறும் இதையே ஒத்தது. உலகின் பல பகுதிகளிலிருந்து திரட்டிய 234 மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு, அப்பூஞ்சையின் தாயகம் கிழக்காசியா என்றும், உலகைச் சூறையாடிய கொடிய வகை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாகியிருக்க வேண்டும் என்றும் கண்டது. 500க்கும் மேற்பட்ட இருவாழ்வி இனங்களின் வீழ்ச்சியிலும், அவற்றுள் 90 இனங்கள் அழிந்தொழிந்ததாகக் கருதப்படுவதிலும் இதற்குப் பங்குண்டு என்று 2019இல் ஒரு பன்னாட்டுக் குழு மதிப்பிட்டது. அந்த எண்ணிக்கையின் அடிப்படையைக் கேள்விக்குட்படுத்திய ஆய்வாளர்களும் உள்ளனர் என்றாலும், பேரழிவு நேர்ந்தது என்பதில் ஐயமில்லை.

இந்தியாவில் இப்பூஞ்சை முதன்முதலாகப் பதிவானது 2011இல். திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடியில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய தாவு தவளை ஒன்றின் தோலில் அது கண்டறியப்பட்டது. அதன்பின் கோயம்புத்தூரிலுள்ள ஜூ அவுட்ரீச் அமைப்பின் சஞ்சய் மோளூர், புனேயின் நீலேஷ் தகானுகர் உள்ளிட்டோர் நடத்திய ஆய்வுகள், ஆசியாவுக்கே உரிய பூஞ்சை வகையொன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் பரவலாக இருப்பதை 2013இலும் 2015இலும் வெளிப்படுத்தின. ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் வாசுதேவன் குழு நாட்டின் பல பகுதிகளில் தேடி, 2018இல் வெளியிட்ட முடிவு இன்னும் தெளிவானது: தொற்று குறைந்த அளவிலேயே உள்ளது; ஆனால், பூஞ்சையின் மரபு வடிவங்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டவை, அவற்றுள் பெரும்பாலானவை இந்தியாவில் மட்டும் காணப்படுபவை. ஓர் ஊரில் பல தலைமுறையாக வாழ்ந்த குடும்பத்துக்குத்தான் கிளைகள் பல இருக்கும். நேற்று வந்த ஒற்றைக் குடிக்கு இருக்காது. எனவே, இந்தப் பூஞ்சை இங்கே பழையது என்றும், இந்தியத் தவளைகள் அதனோடு வாழக் கற்றுக்கொண்டவை என்றும் கருத இடமுண்டு. பனாமாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஓடைகள் ஓசையற்றுப்போனதைப் போன்ற கூட்டச் சாவு இந்தியாவில் பதிவாகவில்லை. இது ஆறுதல் தருகிறது. ஆயினும், இங்குள்ள பழைய வகையும் வெளியிலிருந்து வரும் கொடிய வகையும் ஒரே தோலில் சந்தித்தால் கலப்பு வகை பிறக்கக்கூடும் என்பதால், அந்த ஆறுதலை உறுதியாக எடுத்துக்கொள்ள முடியாது. பிரேசிலில் அத்தகைய கலப்பு ஏற்கெனவே காணப்பட்டுள்ளது.

செட்டிகுளத்தின் நிலை என்ன? மழை பெய்து ஏரியில் நீர் சேர்ந்ததும் எலுமிச்சை மஞ்சளாக நிறம் மாறித் தொண்டை புடைக்கக் கத்தும் பெருந்தவளை, கிணற்று நீர்ப்பரப்பின் மேலேயே தத்திச் செல்லும் குளத்துத் தவளை, குளியலறைச் சுவரில் ஒட்டிக்கிடக்கும் மரத்தவளை, விளக்கடியில் பூச்சிக்குக் காத்திருக்கும் தேரை ஆகியவை இப்பகுதியில் எவரும் கண்டிருக்கும் இருவாழ்விகள். இவற்றுக்கு மாபெரும் காவல் வெயில். தவளைப் பூஞ்சை செழித்து வளர்வது 17 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில். 28 டிகிரியைக் கடந்தால் அதன் வளர்ச்சி நின்றுவிடும். 37 டிகிரியில் நான்கு மணி நேரம் வைக்கப்பட்ட வளர்ப்புகள் முற்றிலும் மடிந்ததை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. உலர்வையும் அது தாங்காது. சாலமாண்டர் பூஞ்சையோ இன்னும் குளிர்விரும்பி. 10 முதல் 15 டிகிரி வரை அதற்கு உகந்தது, 25 டிகிரியில் அது சாகத் தொடங்குகிறது. சித்திரை வெயிலில் அடி தெரிய வற்றி வெடிக்கும் பெரம்பலூர்ச் சமவெளியின் குட்டைகளில் இவ்விரண்டுக்கும் நிலைத்த வாழ்வு அரிது. மார்கழி, தை மாத இரவுகளில் நீர் குளிரும்போது தவளைப் பூஞ்சைக்குச் சில வாரங்கள் சாதகமாகலாம். ஆனால், ஆண்டு முழுதும் தங்கி நோயைப் பெருக்க அது போதாது. மேற்கே பச்சைமலையும் கொல்லிமலையும், இன்னும் மேற்கே நீலகிரியும் வேறு கதை. அங்குள்ள சோலை நீரோடைகளுக்கு இந்த வெயில் காவல் கிடையாது.

வெப்பம் காக்கும் நிலத்துக்கு நடுவே குளிர்ந்த தீவுகளை மனிதரே அமைக்கின்றனர் என்பதைக் கவனிக்க வேண்டும். மெக்சிகோவின் சோச்சிமில்கோ நீர்ப்பரப்பில் மட்டும் இயற்கையாக வாழும் ஆக்சலாட்டல் என்னும் சாலமாண்டர், இறகு போன்ற செவுள்களும் சிரிப்பது போன்ற வாயும் கொண்டிருப்பதால், இந்திய நகரங்களின் வண்ணமீன் கடைகளிலும் விற்பனைக்கு வந்துவிட்டது. அது நலமாக இருக்க நீர் 16 முதல் 18 டிகிரி வரை இருக்க வேண்டும் என்பதால், தமிழகத்துச் சமவெளி நகரங்களில் அதை வளர்ப்பவர் தொட்டியோடு சில்லர் என்னும் நீர்க்குளிர்ப்பான் ஒன்றையும் பொருத்துகிறார். ஆக, வெளியே 40 டிகிரி கொளுத்தும் ஊரிலும், கண்ணாடிக்குள்ளே இரு பூஞ்சைகளும் உயிர்வாழக்கூடிய வெப்பநிலை ஆண்டு முழுதும் பேணப்படுகிறது. தொட்டி நீரைச் சமவெளியின் சாக்கடையில் கொட்டினால் தீங்கு பெரிதாக இராது எனலாம். அதே விலங்கு உதகைக்கோ கொடைக்கானலுக்கோ விற்கப்பட்டு, அங்கே தொட்டி நீர் ஓடையில் கொட்டப்பட்டால் வெயில் வந்து காக்கப்போவதில்லை. சோச்சிமில்கோவின் ஆக்சலாட்டல்கள் தவளைப் பூஞ்சையைச் சுமந்தும் நோய்க்குறி காட்டாதிருந்தது பதிவாகியிருப்பதை இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

கூண்டுக்குள் இருக்கும் விலங்கைக் குணப்படுத்த வழி உண்டு; வெப்பமே அங்கே மருந்து. சாலமாண்டர் பூஞ்சை தொற்றிய நெருப்புச் சாலமாண்டர்களை 25 டிகிரியில் 10 நாள்கள் வைத்திருந்தால் தொற்று முற்றிலும் நீங்குகிறது என்பதை 2015இல் கென்ட் குழுவே நிறுவியது. அவ்வெப்பத்தைத் தாங்காத இனங்களுக்குப் பூஞ்சைக்கொல்லி மருந்தும் நுண்ணுயிர்க்கொல்லியும் கலந்து தரும் முறை உண்டு. தவளைப் பூஞ்சைக்கு இட்ராகொனசோல் கரைசலில் குளிப்பாட்டும் முறை விலங்குக்காட்சிச்சாலைகளில் பழகிவிட்டது. காட்டை இப்படிக் குளிப்பாட்ட முடியாது. ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் மட்டும், தலைப்பிரட்டைகளைப் பிடித்து மருந்திட்டு, குளங்களை வற்றச் செய்து, கிருமிநாசினி தெளித்து, தவளைப் பூஞ்சையைச் சில குளங்களிலிருந்து ஒழித்ததாக 2015இல் அறிவிக்கப்பட்டது. வறண்ட நிலத்தில் தனித்தனியாகக் கிடந்த சிறு குளங்கள் என்பதால் அங்கே அது கைகூடிற்று. ஆஸ்திரேலியாவில் இன்னும் எளிய வழியொன்று 2024இல் வெளியானது: கறுப்பு வண்ணம் பூசிய துளைச் செங்கற்களைச் சிறு பசுமைக்கூடாரத்துக்குள் அடுக்கி வைக்க, வெயிலில் சூடேறிய அத்துளைகளுக்குள் பச்சைத் தவளைகள் தாமே புகுந்து அமர்ந்து தொற்றிலிருந்து மீண்டன, மீண்டவற்றுக்குப் பின்னர் எதிர்ப்பாற்றலும் கூடியிருந்தது. சாலமாண்டர்களுக்கு இந்த வழி பொருந்துவது கடினம்; அவை வெயிலைத் தேடி வருபவை அல்ல.

இயற்கை தரும் இன்னொரு பாதுகாப்பு தோலிலேயே குடியிருக்கிறது. அமெரிக்காவின் செம்முதுகுச் சாலமாண்டரின் தோலில் வாழும் ஜாந்தினோபாக்டீரியம் என்னும் ஊதா நிற நுண்ணுயிர், வயோலசீன் என்ற பொருளைச் சுரந்து தவளைப் பூஞ்சையைத் தடுக்கிறது. சூடோமோனாஸ் இனத்து நுண்ணுயிர்கள் சிலவும் இவ்வாறே செயல்படுகின்றன. விதை வெங்காயத்தைச் சூடோமோனாஸ் கொண்டு நேர்த்தி செய்து நடும்படி வேளாண் துறை பரிந்துரைப்பதும் இதே அடிப்படையில்தான்; நல்ல நுண்ணுயிர் முன்னமே இடம்பிடித்துக்கொண்டால் பூஞ்சைக்கு இடம் குறையும். ஆனால், வயலில் ஓரளவு பயன் தரும் இம்முறையைக் காட்டு விலங்குகளின் தோலில் நிலைக்கச் செய்வது இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில், இந்தியச் சாலமாண்டரைக் காக்கும் வழி மருந்தைவிட வணிகக் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. டார்ஜிலிங் மலையில் வாழும் இமாலயச் சாலமாண்டர், பழுப்பு உடலும் முதுகின் இருபுறமும் வரிசையாகப் புடைத்த குமிழ்களும் கொண்டது. ஆண்டின் பெரும்பகுதியைக் கல்லிடுக்கிலும் சருகுக்கடியிலும் கழித்து, பருவமழை தொடங்கியதும் இனப்பெருக்கத்துக்காகத் தேயிலைத் தோட்டக் குட்டைகளையும் மலைக்குளங்களையும் நாடி வருகிறது. அதற்காகவே ஜோர்போக்ரியில் ஒரு சரணாலயம் உள்ளது. சாலமாண்டர் பூஞ்சைக்கு உகந்த குளிர் அம்மலையில் ஆண்டின் பல மாதங்கள் நிலவுகிறது. பூஞ்சை இயல்பாக வாழும் தென்கிழக்காசிய நாடுகளும் தொலைவில் இல்லை. இச்சாலமாண்டர் சேர்ந்த டைலோடோட்ரைட்டன் பேரினம் முழுவதும் 2019 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. சாலமாண்டர் பூஞ்சை தன் காடுகளுக்குள் நுழையும் முன்பே, 2016 ஜனவரியில் அமெரிக்கா 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதியைத் தடுத்தது; ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தனித்து வைத்தலையும் சோதனையையும் கட்டாயமாக்கியது.

இந்தியாவில் 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளும், அந்த உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள ஆக்சலாட்டல் போன்ற அயல்விலங்குகளை வைத்திருப்போர் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. குட்டி பிறந்தாலும், கை மாறினாலும், விலங்கு இறந்தாலும் அறிவிக்க வேண்டும். வரவேற்க வேண்டிய முன்னேற்றம் இது. ஆயினும் இப்பதிவு உடைமையைக் கணக்கிடுவதற்கானது. தோலில் நோய் உள்ளதா என்று சோதிப்பதற்கானது அன்று. அச்சோதனையோ எளியது: விலங்கின் வயிற்றிலும் விரலிடுக்கிலும் பஞ்சுக்குச்சியால் சில முறை தேய்த்து எடுத்து, அதிலுள்ள மரபுப் பொருளை ஆய்வகத்தில் பெருக்கிப் பார்த்தால் போதும், விலங்குக்குத் தீங்கும் இல்லை. ஆசிய வகைப் பூஞ்சைகளையும் தவறவிடாத மேம்பட்ட சோதனை முறையொன்றை ஐதராபாத் மையமே உருவாக்கியிருக்கிறது. இறப்பை அறிவிக்கும் ஒவ்வொரு பதிவோடும் இறந்த விலங்கின் பஞ்சுக்குச்சி மாதிரி ஒன்றும் ஆய்வகத்துக்குச் செல்லுமாறு விதியில் ஓர் உட்பிரிவு சேர்க்கப்படுமானால், புண்டர்போஸின் கூண்டுகள் ஐரோப்பாவுக்கு மிகத் தாமதமாகச் சொன்ன செய்தியை, இங்குள்ள தொட்டிகள் டார்ஜிலிங்கின் குளங்களுக்கு நோய் போய்ச் சேரும் முன்பே சொல்லிவிடும்.